தோற்றுக்கொண்டே இருக்கும் கிளப்புக்கு ஏன் வருடா வருடம் சீசன் டிக்கெட் வாங்குகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மைத்துனர் இங்கிலாந்தில் இருக்கிறார். அவர் ஆதரிக்கும் கால்பந்து கிளப் போன சீசனில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. அது போதாதென்று சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றிவிட்டார்கள். மனிதர் நாலு நாள் திட்டித் தீர்த்தார். ஐந்தாம் நாள் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டார். இது விசுவாசமா, பழக்கமா, இல்லை ஏமாளித்தனமா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. நானே அங்கே ஒரு கீழ்ப்பிரிவு கிளப்புக்கு ஒன்பது வருடம் சீசன் டிக்கெட் வைத்திருந்தவன் என்பதால், உங்கள் மைத்துனரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றிலும் வராத ஒன்று இருக்கிறது: அந்த டிக்கெட்டில் உண்மையில் என்ன விற்கப்படுகிறது என்பது. அதைப் பார்த்துவிட்டால் ஐந்தாம் நாள் பணம் கட்டியது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சீசன் டிக்கெட்டை மொத்த விலைச் சலுகை என்று நினைக்கிறார்கள். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற மாதிரி. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள், ஆகவே சொந்த மைதானத்தில் 19 லீக் ஆட்டங்கள். அதற்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளில் தலா 24 கிளப்புகள், ஆகவே 23 ஆட்டங்கள். இத்தனைக்கும் சேர்த்து ஒரே தொகை. தனித்தனியாக வாங்குவதைவிடப் பொதுவாக மலிவு. கோப்பைப் போட்டிகளுக்கு அநேகமாகத் தனிக்காசு. இவ்வளவுதான் கணக்கு என்றால் உங்கள் மைத்துனர் செய்தது தப்புக் கணக்குதான். கீழ்ப்பிரிவில், மழையில், செவ்வாய்க்கிழமை இரவில் நடக்கும் பல ஆட்டங்களுக்கு அன்றைக்குப் போனாலே டிக்கெட் கிடைக்கும்.

ஆனால் அந்த அட்டையோடு இன்னொன்றும் வருகிறது. ஒரு குறிப்பிட்ட ஸ்டாண்டில் (பார்வையாளர் பகுதியில்), குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட எண்ணுள்ள இருக்கை. சீசன் முடிந்ததும் அதே இருக்கையைப் புதுப்பித்துக்கொள்ள முதல் வாய்ப்பு அவருக்குத்தான். கடைசித் தேதி ஒன்று இருக்கும். அதைத் தவறவிட்டால் இருக்கை பொது விற்பனைக்குப் போய்விடும். பெரிய கிளப்புகளில் அதற்குப் பின்னால் வருடக்கணக்கில் காத்திருப்போர் வரிசை நிற்கிறது. அதாவது, ஒரு வருடம் கோபித்துக்கொண்டு விட்டுவிட்டு அடுத்த வருடம் சமாதானமாகித் திரும்பி வர முடியாது. போனால் போனதுதான். ஆட்டம் பிடிக்காமல் போகலாம், முதலாளி மேல் ஆத்திரம் இருக்கலாம். ஆனாலும் அந்த இடத்தை விட மனசு வராது. பணம் கட்டுகிறவர் வரப்போகும் சீசனுக்காக மட்டும் கட்டவில்லை. அதற்கடுத்த சீசனில் வெளியே நிற்காமல் இருப்பதற்காகவும் கட்டுகிறார்.

கிளப் பக்கம் பார்த்தால் இது இன்னும் அழகான ஏற்பாடு. பணம் வசந்த காலத்திலும் கோடையிலும் உள்ளே வருகிறது. கோடையில் ஆட்டமே கிடையாது, வாசலில் வசூல் கிடையாது, ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு. யார் அணியில் இருப்பார்கள், பயிற்சியாளர் யார் என்று எதுவுமே தெரியாத நேரத்தில் ரசிகர் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார். வேறு எந்த வியாபாரத்தில் இப்படி நடக்கும்? சரக்கைப் பார்க்காமல் காசு கொடுப்பவன் உலகத்திலேயே கால்பந்து ரசிகன் ஒருவன்தான் என்று எங்கள் வரிசையில் ஒருவர் சொல்வார். சொல்லிக்கொண்டே வருடா வருடம் முதல் வாரத்திலேயே புதுப்பித்தும் விடுவார்.

இருக்கைக்கு முன்பெல்லாம் இவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. 1980களின் இறுதிவரை இங்கிலாந்து மைதானங்களில் கூட்டத்தின் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் பார்த்தது. கான்கிரீட் படிக்கட்டு மாதிரியான திறந்த பகுதி. வாசலில் காசு கொடுத்து உள்ளே போய்க் கிடைத்த இடத்தில் நிற்கலாம். நண்பர்கள் வழக்கமாக ஒரே தூணருகில் கூடுவார்கள், அவ்வளவுதான் முன்பதிவு. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லர் அடுத்த ஆண்டு தந்த அறிக்கை, பெரிய மைதானங்கள் முழுக்க இருக்கைகளாக மாற வேண்டும் என்றது. மேல் இரண்டு பிரிவுகளுக்கு 1994தான் கெடு. கூட்டத்தின் அளவு சுருங்கியது, ஒவ்வொரு இடத்துக்கும் எண் வந்தது, எண் வந்ததும் அதற்கு விலையும் வந்தது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அது, தேவையானதும்கூட. டிக்கெட் விலை ஏற வேண்டும் என்று டெய்லர் சொல்லவே இல்லை. ஆனால் 1992இல் பிரீமியர் லீக் தொடங்கித் தொலைக்காட்சிப் பணம் கொட்ட ஆரம்பித்த அதே காலத்தில் இருக்கைகளும் வந்ததால், இரண்டும் சேர்ந்து விளையாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிவிட்டன.

அந்த இருக்கை யாருடையது என்ற கேள்வி ஒரு தடவை நீதிமன்றம்வரை போனது. எனக்கு மிகவும் பிடித்த, அதேசமயம் எரிச்சலூட்டும் வழக்கு அது. நியூகாசில் யுனைடெட் 1994இல் ரசிகர்களிடம் 500 பவுண்டுக்குப் பத்திரம் விற்றது. வாங்கினால் பத்து வருடத்துக்கு உங்கள் இருக்கை உங்களுக்கே என்று அர்த்தம். குறைந்தபட்சம் வாங்கியவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். சீசன் டிக்கெட் காசு தனி. இந்த 500 அதற்கான உரிமைக்கு மட்டும். ஐந்து வருடம் கழித்து கிளப் தன் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கை 52,000 பேர் அமரும் அளவுக்குப் பெரிதாக்கியது. நடுப்பகுதியில் நல்ல பார்வை கிடைக்கும் இடங்களை நிறுவன விருந்தினர்களுக்கு விற்றால் பல மடங்கு வருமானம் வரும். அங்கே உட்கார்ந்திருந்த சுமார் 4,000 பேரை வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர்களில் பத்திரம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

எங்கள் இருக்கையை விடமாட்டோம் என்று ஓர் இயக்கமே கிளம்பியது. ஆறு ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் தோற்றார்கள். தேவைப்பட்டால் இடத்தை மாற்றும் உரிமை கிளப்புக்கு உண்டு என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருந்தது. சட்டப்படி பார்த்தால் தீர்ப்பில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மைதானத்தை விட்டு வெளியே போ என்று அவர்களை யாரும் சொல்லவில்லை. அதே ஸ்டேடியத்துக்குள், அதே அணியைப் பார்க்க, இன்னொரு இருக்கை தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். அதற்காகவா ஒருவர் பெரிய கிளப் ஒன்றின் மேல் வழக்குப் போட்டுப் பணத்தை இழப்பார்? போட்டார்கள். ஏனென்றால் அவர்கள் வைத்திருந்தது ஒரு நாற்காலி மட்டுமில்லை. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், பின்னால் எப்போதும் நடுவரைத் திட்டும் ஒருவர். அந்தக் கூட்டத்தைப் பிரித்து வேறு வேறு மூலையில் உட்காரவைத்தால் அது வேறு விஷயமாகிவிடுகிறது.

என் அனுபவமும் இதுதான். என் வலப்பக்கத்தில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால் அறுவை சிகிச்சை பற்றி எனக்குத் தெரியும். மகள் எந்த ஊரில் வேலை பார்க்கிறாள் என்று தெரியும். இடதுபுறத் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றி அவருக்கு உள்ள கொள்கைகள் அத்தனையும் தெரியும். அவருடைய குடும்பப் பெயர் தெரியாது, தொலைபேசி எண் தெரியாது. மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கிப் பிரிவோம், ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம். இடையில் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு பேரும் புதுப்பித்திருக்கிறோமா என்பது முதல் ஆட்டத்தன்றுதான் தெரியும். மேலே படி ஏறி வரும்போது அவர் தொப்பி தெரிகிறதா என்று பார்ப்பேன். அணி யாரை வாங்கியிருக்கிறது என்பது அப்புறம்தான்.

இதனால்தான் அணி கீழே போகும்போது கூட்டம் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறைவதில்லை. சண்டர்லாந்து 2017இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2018இல் இன்னொரு படி இறங்கி மூன்றாம் பிரிவுக்குப் போனது. இரண்டு வருடம் தொடர்ந்து தோல்வியைத் தவிர வேறெதுவும் பார்க்காத ஊர். அந்த டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டு சிட்டிக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்கு!

ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸ் கதை இன்னும் மோசம். 2012இல் கிளப்பை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. அணி நான்காம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எதிரணிகளில் பல, சில நூறு ரசிகர்களுக்கு முன்னால் ஆடிப் பழகியவை. ஆகஸ்டில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருக்கு எதிராகச் சொந்த மைதானமான ஐப்ராக்ஸில் நடந்த ஆட்டத்துக்கு 49,118 பேர். இத்தாலியில் நாப்போலி 2004இல் திவாலாகி மூன்றாம் பிரிவுக்குப் போனபோதும் ஓர் ஆட்டத்துக்கு 51,000 பேர் வந்தார்கள். அந்த நாட்டின் முதல் பிரிவு கிளப்புகள் பலவற்றுக்கு அந்தக் கூட்டம் கனவுதான்.

சில சமயம் ஆட்டமே தேவைப்படுவதில்லை. அர்ஜென்டினாவில் அவெஞானெடாவைச் சேர்ந்த ரேசிங் கிளப் கடனில் சிக்கி, 1999 மார்ச் 4 அன்று நீதிமன்றம் நியமித்த நிர்வாகி கிளப் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார். மூன்று நாள் கழித்து நடக்க வேண்டிய ஆட்டம் ரத்தானது. ரசிகர்கள் மார்ச் 7 அன்று ஸ்டேடியத்தை நிரப்பினார்கள். களத்தில் பந்து இல்லை, ஆட்டக்காரர்கள் இல்லை. இவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேதியை இன்றைக்கும் ரேசிங் ரசிகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கிளப் பிழைத்தது, 2001இல் 35 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டமும் வென்றது. ஆனால் பட்டம் வந்திருக்காவிட்டாலும் அந்த மார்ச் 7 அதே மார்ச் 7தான்.

உளவியலாளர்கள் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. பல்கலைக்கழக அணி சனிக்கிழமை ஜெயித்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டையோடு வரும் மாணவர்கள் அதிகம். தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வெற்றியைச் சொல்லும்போது நாம் என்ற சொல் அதிகமாக வருகிறது, தோல்வியில் குறைகிறது. தமிழில் இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். 'ஜெயிச்சுட்டோம்' என்பவர் மறுநாள் 'தோத்துட்டானுங்க' என்பார். வினைச்சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடும்.

சீசன் டிக்கெட்காரர்கள் இந்த விதிக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறார்கள் என்பது என் கணிப்பு. தோற்றாலும் 'தோத்துட்டோம்'தான். அது மன உறுதியால் அல்ல. அவர்களும் அங்கேதான் இருந்தார்கள், மூன்று மணி நேரம் குளிரில். விலகிக்கொண்டு 'அவர்கள்' என்று சொல்லும் வசதி, வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் உண்டு. கஷ்டமான சீசன்களைக் கடந்தவர்களுக்கு அதில் ஒரு பெருமையும் சேர்ந்துவிடுகிறது. அணி மறுபடி மேலே வந்தபின் சேருகிறவர்களை அவர்கள் பார்க்கும் பார்வையில் அது தெரியும். ஒருவகை மூப்புரிமை அது. உங்கள் மைத்துனர் இந்த வருடம் விட்டுவிட்டால், அணி மேலே வரும் வருடத்தில் அந்தச் சந்தோஷத்துக்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைப்பார். வெளியே சொல்ல மாட்டார், ஆனால் நினைப்பார்.

இதையெல்லாம் கிளப் முதலாளிகளும் அறிவார்கள். ரொம்ப நன்றாகவே அறிவார்கள். இந்தப் பிடிப்பை அடகு வைத்தே கடன் வாங்கியிருக்கிறார்கள். லீட்ஸ் யுனைடெட் 2001இல் 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கியது. அடமானம் என்ன தெரியுமா? அடுத்த 25 வருடத்தில் விற்கப்போகும் டிக்கெட்டுகளின் வருமானம். கடன் கொடுத்தவர்களின் கணக்கு எளிமையானது: அணி எப்படி ஆடினாலும் இந்த ஊர்க்காரர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். அன்றைக்குப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன் வளர்ந்து, சம்பாதித்து வாங்கப்போகும் டிக்கெட்டின் காசும் அப்போதே செலவாகிவிட்டது. அந்தப் பணத்தில் ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். ஐரோப்பியக் கோப்பை வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை. ஆட்டக்காரர்களை விற்றார்கள், 2004இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள், அதே வருடம் மைதானத்தையே விற்றார்கள், 2007இல் மூன்றாம் பிரிவு. திரும்பி வர 2020 ஆயிற்று.

ரேஞ்சர்ஸிலும் இந்த வாடை உண்டு. 2011இல் கிளப் கைமாறியபோது, வரப்போகும் சீசன்களின் டிக்கெட்டுகளை ஒரு நிதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்றுப் பெற்ற 20 மில்லியன் பவுண்டுக்கு மேற்பட்ட பணம் அந்த ஏற்பாட்டில் பயன்பட்டது. ரசிகர்களுக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. அதாவது, தங்கள் விசுவாசத்தைக் காசாக்கித்தான் தங்கள் கிளப்பே வாங்கப்பட்டது என்று. அதன்பிறகும் அவர்கள் நான்காம் பிரிவில் கூடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ரசிகர்களுக்கு எல்லையே கிடையாதா? உண்டு. ஆனால் அது தோல்வியில் வருவதில்லை. லண்டனில் இருந்த விம்பிள்டன் கால்பந்து கிளப்பின் முதலாளிகள் அதை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக நினைத்தார்கள். 2002 மே 28 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நியமித்த மூன்று பேர் கொண்ட குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுக் கிளப் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யத் திறந்தவெளிப் புல்தரையில் தேர்வு நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். ஒன்பதாம் படிநிலை லீக்கில் ஆடத் தொடங்கினார்கள். பழைய கிளப் அந்த சீசனில் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது, 1988இல் எஃப்ஏ கோப்பை வென்ற கிளப் அது. கூட்டம் புதுக் கிளப்புக்குத்தான் போனது.

ஒன்பது வருடத்தில் ஐந்து முறை மேலேறி, 2011இல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். பிறகு தங்கள் பழைய வட்டாரமான பிளவ் லேனில் புது மைதானம் கட்டினார்கள். அதற்கும் ரசிகர்களே பத்திரம் வாங்கிப் பணம் போட்டார்கள். 2020 நவம்பரில் முதல் ஆட்டம். பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டினால் உள்ளே ரசிகர்கள் யாரும் இல்லை. பதினெட்டு வருடம் காத்திருந்து, காலி ஸ்டாண்டில்தான் வீடு திரும்பினார்கள். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

விம்பிள்டன் காட்டுவது என்னவென்றால், ரசிகரின் பிடிப்பு பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தின் மேல் இல்லை, லீக்கில் உள்ள இடத்தின் மேலும் இல்லை. கூடும் ஆட்கள், கூடும் இடம், பெயர், நிறம். அதை எடுத்துக்கொண்டு போனால் அவர்களும் போய்விடுவார்கள். அதைத் தொடாதவரை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குவார்கள். நல்ல முதலாளிக்கு இது வரம், கெட்ட முதலாளிக்கும் அதே அளவு வரம். பிரச்சினையே அங்கேதான்.

சாதாரணச் சந்தையில் விலை ஏறினால் வேறு கடைக்குப் போகலாம். ஒரு கிளப்பின் ரசிகர் பக்கத்து ஊர் கிளப்புக்கு மாற மாட்டார். மாறினால் அவர் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரே வழி, உள்ளேயே இருந்துகொண்டு சத்தம் போடுவது. அது சில சமயம் பலித்திருக்கிறது. லிவர்பூல் 2016இல் புது மெயின் ஸ்டாண்டில் சில டிக்கெட்டுகளுக்கு 77 பவுண்டு வைக்கப்போவதாக அறிவித்தது. அதுவரை உச்ச விலை 59. பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சரியாக 77ஆம் நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. அவர்கள் போனபின் சண்டர்லாந்து இரண்டு கோல் அடித்துச் சமன் செய்துவிட்டது. சில நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைக் கைவிட்டார்கள். அடுத்த மாதமே பிரீமியர் லீக் கிளப்புகள் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைக்க ஒப்புக்கொண்டன.

ஏன் பலித்தது? 10,000 பேரும் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர்கள்தான், கிளப்புக்கு அன்று ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் காலி ஸ்டாண்ட் உலகம் முழுக்கத் தெரிந்தது. பெரிய கிளப்புகளுக்கு இப்போது டிக்கெட் வசூலைவிடத் தொலைக்காட்சியும் விளம்பரமும்தான் பெரிய வருமானம். அந்த வருமானத்துக்குப் பின்னணியில் பாடும் கூட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆட்டம் எப்படி இருக்கும் என்பதை 2020இல் எல்லாரும் பார்த்தோம். பயிற்சியாளரின் இருமல்கூடக் கேட்டது.

ஜெர்மனியில் சத்தம் போடுவதற்குச் சட்டபூர்வமான இடமே உண்டு. அங்கே 1998 முதல் உள்ள விதிப்படி, ஒருசில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அதன் உறுப்பினர்களான ரசிகர்கள் கையில் இருக்க வேண்டும். டார்ட்மண்ட் மைதானத்தில் 81,000 பேர் பார்க்கலாம். அதில் சுமார் 25,000 பேர் தென்பகுதியில் நின்றபடி பார்க்கும் மலிவு டிக்கெட்காரர்கள். சீசன் டிக்கெட் மட்டும் 55,000 அளவில். விலையைப் பெரிதாக ஏற்றினாலும் விற்றுப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும், அப்படி ஏற்றுவதில்லை. பயர்ன் மியூனிக் கிளப்பின் தலைவராக இருந்த ஊலி ஹூனஸ் ஒருமுறை, ரசிகர்கள் பால் கறக்கும் மாடுகள் அல்ல என்ற பொருளில் சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். அவர் சொன்னதாலேயே அது தர்மம் ஆகிவிடாது. மற்ற வருமானம் குவிவதால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. ஆனாலும் சொன்னார். லீக்கின் ஊடக வருமானத்தில் வெளி முதலீட்டாளரைச் சேர்க்கும் திட்டம் வந்தபோது, ரசிகர்கள் வாரா வாரம் டென்னிஸ் பந்துகளைக் களத்தில் எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

உறுப்பினர் உரிமை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பார்சிலோனா உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். சீசன் டிக்கெட்காரர் வர முடியாத ஆட்டத்துக்குத் தன் இருக்கையைக் கிளப் மூலம் விற்கக் கொடுக்கும் வசதி அங்கே நெடுங்காலமாக உண்டு. 2022 ஏப்ரல் 14 அன்று ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கின் காலிறுதிக்கு ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் வந்தது. வெளியூர் ஒதுக்கீடு 5,000 டிக்கெட். உள்ளே வந்த ஜெர்மானியர்கள் சுமார் 30,000 பேர். பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நௌவில் ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்களின் வெள்ளைச் சட்டைகள் கடல் மாதிரி தெரிந்தன. பார்சிலோனா சொந்த மைதானத்தில் 3-2 என்று தோற்றது. கிளப் தலைவர் வெட்கமாக இருக்கிறது என்றார். ஈஸ்டர் விடுமுறை, நல்ல விலை, இருக்கைக்காரர்கள் கைமாற்றிவிட்டார்கள். ஆக, விசுவாசத்துக்கும் விடுமுறை நாள் உண்டு.

இப்போது இங்கிலாந்தில் நடப்பது இதன் மறுபக்கம். கிளப்பின் கணக்குப்பிள்ளை கண்ணோடு பார்த்தால் சீசன் டிக்கெட்காரர் லாபமில்லாத வாடிக்கையாளர். ஓர் ஆட்டத்துக்கு அவர் கொடுப்பது மற்றவர்களைவிடக் குறைவு. ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வருவார், கிளப் கடையில் எட்டிப் பார்க்க மாட்டார், பழைய மஃப்ளரையே இருபது வருடம் போடுவார். வாழ்நாளில் ஒரே தடவை வரும் சுற்றுலாப் பயணி அதே நாற்காலிக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுப்பார், சட்டையும் வாங்குவார். அதனால்தான் சில கிளப்புகள் முதியோர் சலுகையைக் குறைக்கின்றன. மான்செஸ்டர் யுனைடெட் 2024இல், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, உறுப்பினர்களுக்கு மீதமிருந்த டிக்கெட்டுகளைச் சிறுவர், முதியோர் என்ற சலுகை இல்லாமல் 66 பவுண்டு ஆக்கியது. விசுவாசத்தைச் சுரண்டாதே என்று ரசிகர் சங்கம் அதே வருடம் நாடு தழுவிய பிரச்சாரம் நடத்தியது.

என் பார்வையில், ஒரு ஆளின் ஏமாளித்தனம் என்று இதைச் சொல்வதைவிட, அவருக்குத் தெரிந்தே நடக்கும் பேரம் என்று சொல்வது பொருந்தும். அவர் அதிகம் கொடுக்கிறார், அது அவருக்கே தெரியும். பதிலுக்கு அவர் பெறுவதைக் கிளப் தயாரிப்பதே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள்தான் தயாரிக்கிறார்கள். கிளப் அதற்கு வாடகை வசூலிக்கிறது. அந்த வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதைத் தனி ஆளாக அவரால் தீர்மானிக்க முடியாது, சேர்ந்து நின்றால் ஓரளவு முடியும். ஆகவே அவரிடம் ஏன் புதுப்பித்தீர்கள் என்று கேட்காதீர்கள். அவருடைய கிளப்பில் ரசிகர் அறக்கட்டளை இருக்கிறதா, அதில் அவர் உறுப்பினரா என்று கேளுங்கள். வருடத்துக்குக் கொஞ்சம் பவுண்டுதான் ஆகும். போர்ட்ஸ்மத் கிளப் 2013இல் அழியாமல் தப்பியது அப்படி ஓர் அறக்கட்டளை அதை வாங்கியதால்தான்.

இன்னொன்று. அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டு அடுத்த ஆகஸ்டில் அவரோடு போனால், அவர் பக்கத்தில் உட்காரலாம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் புதுப்பித்திருப்பார்கள். உங்களுக்கு எதிர் ஸ்டாண்டில்தான் இடம் கிடைக்கும்.